பதினொரு பைப்பும் ஒரு பொய்யும்

போன மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி என் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லோருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். யாருக்கு எந்த முழங்கால் என்ற பேச்சு முடிந்ததும், வழக்கம்போல என்னிடம் வந்தார்கள். "பாவம் அத்தை. அன்னிக்கு நீ மட்டும் வாயை மூடிண்டு இருந்திருந்தா, அவளும் நாலு பேரைப் போலக் குடும்பம் பண்ணியிருப்பா" என்றாள் பெரியப்பாவின் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். உங்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது, மீதிப் பேர் கேட்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அறுபது வருஷத்துக்கு மேலாக உங்கள் கணக்கில் நான் உளறுவாய்ப் பெண். நான் உளறவே இல்லை. பொய் சொன்னேன். தெரிந்து, யோசித்து, பெருமாள் மேல் சத்தியம் செய்து சொன்னேன். நாளைக்கே யாராவது என்னைப் பதினொரு வயதாக்கி அந்தக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினால், மறுபடியும் அதையே சொல்லுவேன்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை. எஞ்சின் பாகங்களைப் பெரிய காகிதத்தில் கோடு போட்டு வரைகிற வேலை. காலையில் திருமண் இட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அவருடைய பழைய ஆபீசர் சீமைக்குக் கப்பலேறும்போது, மேஜையைக் காலி செய்கிற சாக்கில் ஒரு பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திறந்தால் ஊதா நிற வெல்வெட் துணிக்குள் மூன்று புகைக்குழாய்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பைப். தேன் நிறத்தில் மரக்கிண்ணம், அதிலிருந்து நீளும் தண்டு, தண்டின் நுனியில் செருகியிருக்கும் கறுப்பு வாய்த்துண்டு. அதைத் திருகினால் கழன்று வரும். மோந்து பார்த்தால் வெல்லப்பாகும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசனை. அது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

உறையூர்ச் சுருட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. ஆனாலும் எங்கள் உத்தர வீதியில் பைப் பிடித்தால் தலை போய்விடும். பொடி போடலாம். மூக்கு கறுத்து, அங்கவஸ்திரமெல்லாம் கறையாகி, தும்மித் தும்மிப் பாசுரம் சேவிக்கலாம். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கோயில் வாசலில் நின்று ஊர் வம்பு பேசலாம். மூக்கில் போனால் பழக்கம், வாயில் போனால் தாம்பூலம், நெருப்பு வைத்தால் மட்டும் குலநாசம். இது அந்தக் காலத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்த சாஸ்திரம். அதில் நீங்களும் நானும் வளர்ந்தோம்.

அதனால் அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொல்லையில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு பிடிப்பார். வாசனை அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க, ஓட்டை வாளியில் வேப்பிலையும் வரட்டியும் போட்டு மூட்டம் வைப்பார். "உங்காத்துல மட்டும் பட்டப்பகல்ல என்ன கொசு?" என்று அடுத்த வீட்டு மாமி சுவருக்கு மேலாகக் கேட்பாள். "கொள்ளிடக்கரைக் கொசு மாமி, அதுக்குப் பகலேது ராத்திரியேது?" என்று அம்மா கூசாமல் பதில் சொல்லுவாள். அம்மாவும் பொய் சொல்லியிருக்கிறாள் பார்த்தீர்களா? அதை யாரும் கல்யாணத்தில் பேசுவதில்லை.

ஒரு நாள் அம்மா அந்தப் பைப்புகளில் ஒன்றைச் சுத்தம் செய்தாள். எச்சில் பட்ட சாமான், நாற்றம் வேறு. சும்மா இருப்பாளா? புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைச் சொம்பைத் தேய்க்கிற கையோடு அதையும் தேய்த்து, வெந்நீரில் ஊறப் போட்டு, துணி உலர்த்துகிற கொடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது மரக்கிண்ணம் நடுவில் பிளந்திருந்தது. கறுப்பு வாய்த்துண்டு பச்சை பாரித்துப் போயிருந்தது. அப்பா அந்த இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். அம்மா, "பத்துப்பாத்திரம்னா தேய்க்கத்தான் வேணும்" என்றாள்.

அப்போதுதான் அத்தை பேசினாள். பெட்டியின் மூடிக்குள் நாலாக மடித்துச் செருகியிருந்த அச்சடித்த காகிதத்தை எடுத்து நீட்டி, "இதுல போட்டிருக்கே, நனைக்கப்படாதுன்னு. யாருமே படிக்கலையா?" என்று கேட்டாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா, அப்பா, அதற்குப் பிறகு அத்தை. அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு அவளை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஆடிப் பண்டிகைக்கு இருந்துட்டு வரட்டும்" என்று சொல்லிப் போன அத்திம்பேர் திரும்பி வரவில்லை. குழந்தை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். மாயவரத்தில் அவருக்கு இன்னொரு குடித்தனம் இருந்தது யாரும் சொல்லாத காரணம். அத்தை கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது, வீட்டில் அவளுக்கென்று இருந்தது பின்கட்டில் ஒரு மூலை. மாவரைப்பாள், மாட்டைக் கறப்பாள், விளக்குக்குத் திரி திரிப்பாள். நாலாவது ஃபாரம் வரை, இப்போதைய கணக்கில் ஒன்பதாவது வரை, படித்தவள். அந்தப் படிப்பு ஆறு வருஷமாக எதற்கும் பயன்படாமல் இருந்தது.

அந்தக் காகிதம் இங்கிலீஷில் இருந்தது. பைப்பை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அத்தை என் பள்ளிக்கூட அகராதியை வாங்கிக்கொண்டு, நாலு நாள் மாவரைக்கிற நேரத்தில் அதைப் படித்தாள். ஐந்தாவது நாள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, திரிக்கு வைத்திருந்த பஞ்சை அதன்மேல் சுற்றி, பைப்பின் தண்டுக்குள் விட்டு இழுத்தாள். தார் போலக் கறுப்பாக வந்தது. இன்னொரு ஈர்க்குச்சி. பதினேழாவது ஈர்க்குச்சியில் பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. நான்தான் எண்ணினேன்.

"ஒவ்வொரு தடவை பிடிச்சு முடிச்சதும் ஒரு குச்சி விட்டு எடுத்துடணும். நாம சாப்பிட்டா வாய் கொப்பளிக்கலையா?" என்றாள் அப்பாவிடம். "ஒரே பைப்பை ஒரு நாள்ல ரெண்டு தடவை தொடப்படாது. ஈரம் காய ஒரு முழு நாள் விடணும். வண்டி மாட்டுக்குக்கூட அவுத்துக் கட்டற நேரம் உண்டு அண்ணா."

"கிண்ணத்துக்குள்ள இருக்கற கரியை என்ன பண்றது? சுரண்டிடலாமா?"

"முழுக்கச் சுரண்டப்படாது. அந்தக் கரிதான் மரத்துக்குக் கவசம். ஒரு நயா பைசாக் காசு கனம் இருக்கலாம். அதுக்கு மேல போனாத்தான் சுரண்டணும், இல்லேன்னா கிண்ணம் வெடிச்சுடும். இன்னொண்ணு, சூடா இருக்கும்போது வாய்த்துண்டைத் திருகவே கூடாது. உள்ள இருக்கற முளை உடைஞ்சுடும்."

நயா பைசா வந்த புதிது. எல்லோரும் பழைய அணாவுக்கும் புதுக் காசுக்கும் நடுவில் குழம்பிக்கொண்டிருந்த நேரம். அந்தக் காசுக்கு உருப்படியான ஒரு உபயோகம் கண்டுபிடித்தவள் எங்கள் அத்தை ஒருத்திதான்.

அவள் அந்தக் காகிதத்தையும் அப்படியே நம்பிவிடவில்லை. மாதம் ஒரு தடவை ஸ்பிரிட் விட்டுக் கழுவினால் போதும் என்று அதில் இருந்தது. "இது பனி பெய்யற ஊர்ல உக்காந்துண்டு எழுதினது. அவனுக்குக் காவேரி தெரியுமா, கொள்ளிடம் தெரியுமா?" என்றாள். இரண்டு பைப்பை எடுத்து, ஒன்றைக் காகிதத்தின்படி மாதம் ஒருமுறையும், மற்றதை வாரம் ஒருமுறையும் சுத்தம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். என்னையும் மோந்து பார்க்கச் சொல்லுவாள். பங்குனி வெயிலில் பதினைந்து நாள் தாங்குகிறது. ஆனியில் வாரம் ஒருமுறை வேண்டும். ஆடியில் தண்ணீர் வந்து காற்றே ஈரமானதும் நாலு நாளில் உள்ளே பூஞ்சை பூக்கிறது. இதெல்லாம் அவள் தானாகக் கண்டுபிடித்தது. இப்போது என் பேத்தி இதையேதான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்கிறாள். அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அத்தை செய்தபோது அம்மா அதற்கு வைத்த பெயர் கிறுக்கு.

ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? மதுவிலக்குக் காலம். சாராய வாடை வந்தாலே போலீஸ் வரும். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்குகிற கம்பவுண்டர் பாயிடம் போனாள். "ஸ்பிரிட்டா? எதுக்கும்மா?" என்று கேட்டார் அவர். வீட்டில் ஊசி போடுகிறோம், நோயாளி இருக்கிறார் என்று ஏதாவது சொல்லுவாள் என்று நான் நினைத்தேன். அத்தை உள்ளதைச் சொன்னாள். பைப், தண்டு, கரி, ஈர்க்குச்சி, எல்லாவற்றையும். பாய் அலமாரியைத் திறந்துகொண்டே, "எங்க டாக்டர் ஐயாவோட பைப்பு ரெண்டு கெடக்குது, கசந்து போச்சுன்னு மூலையில போட்டுட்டாரு. அதையும் பாத்துக் குடுக்கறீங்களா?" என்றார். சீட்டு ஒட்டிய ஒரு சின்னக் குப்பி எங்கள் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு டாக்டரின் பைப்புகள், பொன்மலை ஆபீசர்களின் பைப்புகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பா அவற்றை டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருவார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் பண்றான்" என்று ஆபீசில் சொல்லியிருந்தார். பண்றான். கவனியுங்கள். அத்தை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள், கோபப்படவில்லை. கோபம் எனக்குத்தான் வந்தது, இன்னும் போகவில்லை.

ஆனி முடிகிற சமயத்தில் மாயவரத்திலிருந்து கடிதம் வந்தது. அத்திம்பேர் எங்களுக்கு எழுதவில்லை, சித்திரை வீதியில் இருந்த பெரியப்பாவுக்கு எழுதியிருந்தார். அவருடைய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறாள். இன்னொரு குடித்தனத்துக்காரி அந்தப் பக்கமே வர மாட்டேன் என்றுவிட்டாள். மலஜலம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். ஆறு வருஷத்துக்குப் பிறகு தாலி கட்டியவள் ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா கடிதத்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ஒரு சிமிட்டா பொடியை இழுத்துவிட்டு, "மாப்பிள்ளையே வலியக் கூப்பிடறார். பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்" என்றார்.

உள்ளே இருந்து அத்தை சொன்னாள். "எனக்கு இஷ்டமில்லை பெரியண்ணா."

"இஷ்டத்தை யார் கேட்டா? ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் முதல் நல்ல நாள் அவர் வந்து அழைச்சுண்டு போவார்."

அப்பா தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, 'அவளுக்கு இஷ்டமில்லைங்கறாளே' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த ஆடியில் காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் நெரிந்தது. புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிற பெண்கள் நடுவில் அத்தையும் நின்றாள். மஞ்சள் கயிற்றை அம்மா அவள் கழுத்தில் கட்டியபோது அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அத்தையின் ட்ரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, அவளுக்காகத் தானே அடுக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அத்தையைத் துரத்துவதில் எவ்வளவு அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் நான் தப்பு. பின்னால் அந்தப் பெட்டியைப் பிரித்தபோது அடியில் அம்மாவின் கல்யாணப் பட்டு இரண்டு இருந்தது. மாயவரத்தில் அவள் வெறும் நூல் புடவையோடு போய் நிற்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள். அம்மாவிடம் இதைப் பற்றி நான் கேட்டதே இல்லை, கேட்டிருக்க வேண்டும்.

அத்தை போவதற்கு முன்னால் கையில் இருந்த எல்லாப் பைப்புகளையும் முடித்துவிடப் பார்த்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும், எந்த மாதத்தில் எப்படி என்று கட்டம் போட்டு எழுதி அப்பாவிடம் கொடுத்தாள்.

அப்பா படித்துவிட்டு, "இவ்வளவு வேலையா இதுல?" என்றார்.

"ஆமா. இத்தனை நாளா தானா நடந்துதுன்னு நினைச்சேளா?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆவணியில் முதல் நல்ல நாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வழக்கம்போலக் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை கிணற்றடியில் ஒரு முறத்தில் மற்ற பத்துப் பைப்புகளையும் வரிசையாக அடுக்கி, ஸ்பிரிட் குப்பியைத் திறந்து வைத்து, கடைசித் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தேன்.

வாசலில் குதிரை வண்டி நின்ற சத்தம். பெரியப்பாவின் குரல். "வாங்கோ மாப்பிள்ளை, வாங்கோ! ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேளே! முதல்ல கால் அலம்பிக்கோங்கோ, கொல்லையில தீர்த்தம் இருக்கு."

பயணம் செய்து வந்தவர் காலைக் கழுவாமல் கூடத்தில் ஏற மாட்டார். எங்கள் வீட்டில் அதற்கு வாசலிலிருந்து நேராகக் கிணற்றடிக்கு வர வேண்டும். அப்பா அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். கையில் இருந்த பைப்பை அத்தையின் கையில் திணித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அத்தை எழுந்து நிற்பதற்குள் அத்திம்பேர் வந்துவிட்டார், பின்னாலேயே பெரியப்பா, அதற்குப் பின்னால் அம்மா.

அத்திம்பேர் முதலில் முறத்தைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்னது, சாராய நெடி அடிக்கறது?" என்றார். அத்தையின் கையிலிருந்த பைப்பைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அதை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"சுடறது ஓய்! இப்பத்தான் பிடிச்சிருக்கா!"

பெரியப்பா முறத்தில் இருந்ததையும் மாப்பிள்ளை கையில் இருந்ததையும் சேர்த்து எண்ணவே ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு ரெண்டு இல்லையே, பதினொண்ணு! பதினொண்ணுமா பிடிக்கறா?"

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. "இது யாரோடது?" என்று பெரியப்பா கேட்டார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். நிதானமாக, அவருக்கு வேண்டிய நேரம் கொடுத்துப் பார்த்தாள். அப்பா கிணற்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வாயைத் திறக்க மாட்டேளா? நீ சொல்லுடி" என்று பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "குழந்தை பொய் சொல்லாது. அத்தை இதைப் பிடிக்கறாளா? பெருமாள் மேல சத்தியமாச் சொல்லு."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் குழம்பவில்லை, பயத்தில் நாக்கு பிறழவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு ஒரு வாரம் தலைகுனிவு, பெரியப்பா வீட்டில் ஒரு பிராயச்சித்தம். அத்தை குற்றமில்லாதவள் என்று ஆகிவிடும். குற்றமில்லாதவளை மறுநாள் காலை மாயவரத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. பதினொரு வயதுக்கு இவ்வளவு தெரியாது என்று நினைப்பவர்கள், தங்களுடைய பதினொரு வயதை மறந்தவர்கள்.

"பிடிப்பா" என்றேன். "பெருமாள் மேல சத்தியமா. தினம் பிடிப்பா. நான் பார்த்திருக்கேன்."

அம்மா "ஐயோ" என்றாள். அத்திம்பேர் முகம் சிவந்து, "இதைப் பிடிச்ச கையாலயா எங்கம்மாவுக்கு நீ தீர்த்தம் குடுக்கப் போறே?" என்று கத்திக்கொண்டே, கையிலிருந்த பைப்பை முறுக்கினார். அது படக்கென்று இரண்டாக வந்தது.

அத்தை ஒன்றையும் மறுக்கவில்லை, அழவில்லை. அவர் கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் பார்த்துவிட்டு, "சூடா இருக்கும்போது திருகப்படாது" என்றாள். "உடைஞ்சுடும்."

அதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி ஒப்புக்கொள்வாள்? அவர் துண்டுகளை வீசி எறிந்துவிட்டு, காலைக் கூடக் கழுவாமல், வந்த வழியே போய்க் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார். பெரியப்பா, "இந்தாத்துப் படியை இனிமே மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். மூன்று மாதத்தில் மிதித்தார், தீபாவளி வந்துவிட்டது.

அப்பா என்னோடு கார்த்திகை வரை பேசவில்லை. தன் தங்கையின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனாம். தன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. ரொம்ப வருஷம் கழித்து, படுக்கையில் இருந்தபோது ஒருநாள், "அன்னிக்கு நான் வாயைத் திறந்திருந்தா அவ போயிருப்பா. அதான் திறக்கலை" என்றார். இருக்கலாம் என்று நீங்கள் சொல்லுவீர்கள், பெரியவர்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்பீர்கள். யோசித்துப் பேசாமல் இருப்பவர் முகம் எப்படி இருக்கும், பயந்துபோய்ப் பேசாமல் இருப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா நல்லவர், எனக்கு ரொம்பப் பிடித்தவர், அன்றைக்குக் கோழை. மூன்றும் உண்மை.

அத்தை என்ன ஆனாள் என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் 'பாவம்' என்கிறீர்கள். தெருவில் யாரும் அவளைச் சுமங்கலிப் பிரார்த்தனைக்குக் கூப்பிடவில்லை. மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிடவில்லை. கெட்டவள் எங்கே போனால் என்ன என்று யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. தினமும் பஸ் ஏறித் தெப்பக்குளத்துக்குப் போனாள். கம்பவுண்டர் பாய்க்குப் பக்கத்தில் நின்று குப்பிகளுக்குச் சீட்டு ஒட்ட ஆரம்பித்து, பரீட்சை எழுதி, பாய் ஓய்வெடுத்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் திருச்சியில் பாதிப் பேருக்கு அவள் கலக்கிக் கொடுத்த மருந்துதான். உங்களில் நாலு பேர் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். எண்பத்து நாலு வயது வரை இருந்தாள், தன் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு.

ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் எல்லோரும் உள்ளே போன பிறகு நடந்தது. அத்தையும் நானும் கிணற்றடியில் தனியாக இருந்தோம். அவள் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி பொய் சொன்னே?"

"நீ போகப்படாது" என்றேன்.

"பெருமாள் மேல சத்தியம் பண்ணினியே, பயமா இல்லையா?"

"இருந்தது."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவள் என்னைக் கிட்டே இழுத்து, ஸ்பிரிட் நெடியடிக்கிற கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். உள்ளே அம்மா எதையோ கீழே போட்டு உருட்டுகிற சத்தம் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், பிறகு தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அவளும் அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே என்னை நல்ல பொம்மனாட்டின்னு இந்த ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டா" என்றாள். "அப்பாடா!"